பிரீவீலும் நிலைப்பல்லும்

மிதிவண்டியை எளியோரின் ஊர்தி என்று நாம் சொல்வது வழக்கம். பால்காரர், தபால்காரர், பள்ளி மாணவர், ஆலைத் தொழிலாளர் ஆகிய பலருக்கும் அது நெடுங்காலமாக உற்ற துணையாக இருந்து வருகிறது. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற தமிழர் பலர் அங்கே கைப்பொருள் சேர்த்து முதன்முதலாக வாங்கிய உடைமை ஒரு சைக்கிளாகவே இருந்ததுண்டு. ஆயினும், நாள்தோறும் ஏறிச் செல்லும் அவ்வண்டியின் பின் சக்கரத்தில், மிதிப்பதை நிறுத்தியவுடன் ‘கிர்ர்’ என்று ஒலிக்கும் உறுப்பு யாது, அது செய்யும் வேலை யாது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வுறுப்பே பிரீவீல் எனப்படுவது.

பெங்களூரு, மும்பை, புனே போன்ற பெருநகரங்களில் இளைஞர் சிலர் இந்தப் பிரீவீலை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் அசையாத பல்சக்கரம் ஒன்றைப் பூட்டிக்கொள்ள விரும்புகின்றனர். இதற்குப் ‘பிக்ஸட் கியர்’ என்று பெயர் வழங்குகிறது. நாம் இதனை நிலைப்பல் என்று அழைப்போம். உறுப்புகள் குறைவு, எடை குறைவு, பழுதும் குறைவு என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் இம்மாற்றத்தை முறையறிந்து செய்தால் அது வண்டி. முறையறியாது செய்தால் அது கண்ணி. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது விரலளவு அகலங்கூட இல்லாத ஓர் இரும்பு வளையம். அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

சமவெளி நகரில் வாழ்வோரைக் காட்டிலும் மேடு பள்ளமான ஊர்களில் வாழ்வோர்க்கு இச்செய்தி மிகவும் இன்றியமையாதது. சான்றாக மார்டள்ளியை எடுத்துக்கொள்வோம். கர்நாடக மாநிலத்தில், மாதேஸ்வர மலைக் காடுகளை அடுத்து அமைந்துள்ள இவ்வூரில் தமிழ் பேசுவோர் மிகுதி. கொள்ளேகால் வட்டம் முன்னர்க் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்து, 1956 ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. மைசூரு மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் 1997 இல் பிரிக்கப்பட்டபோது, இப்பகுதி புதிய மாவட்டத்தில் அடங்கிற்று. இங்குள்ள சாலைகள் ஏறுவதும் இறங்குவதுமாகச் செல்பவை. தாளபெட்டத்திலிருந்து மாதேஸ்வர மலைக்கு ஏறும் சாலையோ கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. பெங்களூருவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அங்கே மாற்றியமைத்த வண்டியை இத்தகைய ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன நேரும் என்பதை மனத்திற் கொண்டே நாம் மேலே செல்வோம்.

பிரீவீல் செய்யும் வேலை

பிரீவீலின் உள்ளே இரண்டு வளையங்கள் உள்ளன. உள்வளையம் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தோடு திருகப்பட்டிருக்கும். ஹப் என்று கடைக்காரர் கூறுவதே இக்குடம். வெளிவளையத்தின் புறத்தே சங்கிலியை ஏற்கும் பற்கள் இருக்கும். அதன் அகத்தே வாளின் பல்போலச் சாய்ந்த வெட்டுகள் இருக்கும். உள்வளையத்தில் சிறு நாக்குகள் இரண்டு, மெல்லிய கம்பிச் சுருளின் விசையால் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும். முன்னோக்கி மிதிக்கும்போது அந்நாக்குகள் வெட்டுகளில் தைத்துக்கொள்கின்றன. நம் காலின் விசை சக்கரத்தைச் சேர்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் நாக்குகள் மடங்கி, வெட்டுகளின் மீது வழுக்கிச் செல்கின்றன. நாம் கேட்கும் ‘கிர்ர்’ ஒலி அதுவே. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவைப்போல, விசையை ஒரு திசையில் மட்டுமே இது அனுமதிக்கிறது. ஆகவே கால் ஓய்ந்தாலும் வண்டி ஓடுகிறது.

நிலைப்பல்லில் இந்த நாக்கும் இல்லை, வழுக்கலும் இல்லை. பல்சக்கரமும் குடமும் ஒன்றே. சக்கரம் சுழலுமளவும் மிதிகட்டையும் சுழலும். இதனை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியின் முன் சக்கரத்திலேயே மிதிகட்டைகள் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். சரிவில் அவ்வண்டி உருளத் தொடங்கினால், குழந்தை கால்களைத் தூக்கிக்கொள்ள, மிதிகட்டைகள் தாமே சுழன்றோடும். நிலைப்பல்லின் இயல்பும் அதுவே.

தொடக்கத்தில் மிதிவண்டிகள் யாவும் இவ்வாறே இருந்தன. இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885 இல் செய்த ‘ரோவர்’ என்னும் வண்டியே இன்றைய மிதிவண்டியின் மூதாதை. ஏறத்தாழச் சமமான இரு சக்கரங்களும், பின் சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் கொண்ட அவ்வண்டியில் பிரீவீல் கிடையாது. அக்காலத்தில் முன் கவையின் இருபுறமும் கால் வைக்கும் முளைகளைப் பொருத்தியிருந்தனர். இறக்கம் வந்ததும் ஓட்டுவோர் அவற்றின் மீது கால்களை ஏற்றிக்கொண்டு, மிதிகட்டைகள் தறிகெட்டுச் சுழல விட்டுவிடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் பிரீவீல் பரவியபோது இத்துன்பம் நீங்கிற்று. அதனுடன் நம்பத்தக்க பிரேக்கும் கட்டாயமாயிற்று. காலால் சக்கரத்தைத் தடுக்கும் வழி போய்விட்டமையால், அவ்வேலையைக் கையிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பிரீவீலும் பிரேக்கும் உடன்பிறந்தவை என்பதை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டும்.

நிலைப்பல் அறவே மறைந்துவிடவில்லை. வட்டப் பந்தயத் தளங்களில் ஓடும் வண்டிகள் இன்றும் நிலைப்பல் வண்டிகளே. அவற்றில் பிரேக்கும் இல்லை. அங்கே எல்லோரும் ஒரே திசையில் செல்கின்றனர். குறுக்கே மாடும் வாராது, பேருந்தும் வாராது. ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்வருவோர் அவர் மீது மோதி விழுவர் என்பதாலேயே பிரேக் விலக்கப்பட்டது. புது தில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில், 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக இத்தகைய தளம் ஒன்று கட்டப்பட்டது. நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த எசோ ஆல்பன், 2018 இல் சுவிட்சர்லாந்து நாட்டின் ஏகிள் நகரில் நடந்த உலக இளையோர் தளப் போட்டியில், ‘கெய்ரின்’ என்னும் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். நிலைப்பல் வண்டியில் இந்தியர் அடைந்த பெரும் சிறப்பு அது. ஆனால் தளத்து வண்டியின் வழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

திருகு மரையின் இரகசியம்

பழைய ஒற்றை வேக வண்டியின் பின் குடத்தை எடுத்துப் பார்த்தால், அதன் வலப்புறத்தில் ஒரு திருகு மரை வெட்டப்பட்டிருக்கக் காணலாம். பெரும்பாலான குடங்களில் அதன் விட்டம் ஏறத்தாழ 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். பிரீவீல் இம்மரையில் வலஞ்சுழியாகத் திருகப்படுகிறது. வண்டியின் வலப்புறம் நின்று பார்ப்போமாயின், முன்னோக்கி மிதிக்கும்போது பல்சக்கரமும் வலஞ்சுழியாகவே சுழல்கிறது. ஆகவே ஒவ்வொரு மிதியும் அதனை மேலும் மேலும் இறுக்குகிறது. பல ஆண்டுகள் ஓடிய வண்டியின் பிரீவீலைக் கழற்ற இரண்டு ஆட்கள் முயல வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

நிலைப்பல்லுக்குரிய சக்கரமும் பெரும்பாலும் இதே மரையில் பொருந்தும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ‘பொருந்துகிறதே, திருகினால் முடிந்தது’ என்று எண்ணிவிடுகின்றனர். பிரீவீலின் மீது பின்னோக்கிய விசை ஏறுவதே இல்லை. பின்னோக்கி மிதித்தால் அது வெறுமனே சுழலும். நிலைப்பல்லின் நிலை வேறு. வேகத்தைக் குறைக்க ஓட்டுநர் காலால் எதிர்த்து அழுத்தும்போது, பல்சக்கரம் தடுக்கப்படுகிறது. குடமோ தன் வேகத்தில் முன்னோக்கிச் சுழல முயல்கிறது. அதாவது, பல்சக்கரத்தைக் கழற்றும் திசையில் ஒரு பெரும் விசை செயற்படுகிறது. குறடு கொண்டு கழற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இங்கே குறடாக இருப்பது நம் கால். கழல்வது நாம் ஏறியிருக்கும் வண்டி.

இதற்கென்றே செய்யப்பட்ட நிலைப்பல் குடத்தில் இரண்டு படிகளாக மரை வெட்டப்பட்டிருக்கும். உட்படி அகலமானது, அது வலமரை. பல்சக்கரம் அதில் ஏறும். வெளிப்படி சற்றுச் சிறியது, ஏறத்தாழ 1.29 அங்குல விட்டமுடையது, அது இடமரை. அதன் மீது பூட்டு வளையம் ஒன்று இடஞ்சுழியாகத் திருகப்படுகிறது. பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் இடஞ்சுழியாகக் கழல முயன்று, தன்னை ஒட்டியிருக்கும் பூட்டு வளையத்தையும் அதே திசையில் தள்ளும். பூட்டு வளையத்துக்கோ அத்திசை இறுகும் திசை. ஆகவே கழற்ற வரும் விசையே பூட்டை இறுக்கும் விசையாக மாறிவிடுகிறது. இத்தகைய இடமரை நமக்குப் புதியதன்று. ஒவ்வொரு சைக்கிளிலும் இடப்பக்க மிதிகட்டை இடமரையிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. வலமரையாக இருப்பின் அது ஓடும்போதே கழன்றுவிடும். எந்தச் சைக்கிள் கடைக்காரரும் இதனை அறிவார்.

எனவே, வண்டியை மாற்ற விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது ஒரே சோதனை. பின் குடத்தின் மரையைத் துடைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். இரண்டு படிகள் உள்ளனவா? வெளிப்படி இடமரையா? ஆம் எனில் மேலே செல்லலாம். ஒரே படிதான் எனில், அக்குடம் பிரீவீலுக்கென்றே பிறந்தது. அதில் நிலைப்பல்லைப் பூட்டிப் பின்னழுத்தம் கொடுப்பது தகாது.

செய்யத் தகாத மூன்று வழிகள்

ஒற்றைப்படிக் குடத்தில் எவ்வாறேனும் நிலைப்பல்லைப் பூட்டிவிட முயல்வோர் மூன்று தந்திரங்களைக் கையாள்கின்றனர்.

முதலாவது, இரட்டை வளையம். வண்டியின் நடு அச்சுப் பெட்டியைப் பூட்டும் வளையத்துக்கும் இதே அளவு மரை உண்டு. நிலைப்பல்லைத் திருகியபின், மிஞ்சிய மரையில் அவ்வளையத்தை ஏற்றி இறுக்கிவிடுவர். ஆனால் இரண்டும் வலமரையே. இறுக்கத்தால் உண்டாகும் உராய்வைத் தவிர அவற்றைப் பிடித்து வைப்பது வேறொன்றும் இல்லை. உராய்வு தோற்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே கழலும்.

இரண்டாவது, மரைப்பசை. அதிர்வினால் மரைகள் தளராதிருக்க இயந்திரங்களில் இடப்படும் பசையை மரையில் தடவி ஒட்டிவிடுவர். எண்ணெய்ப் பிசுக்கு முற்றும் நீங்காத மரையில் பசை பிடிக்காது. பிடித்தாலும், முன்னும் பின்னும் மாறி மாறி ஏறும் விசையை அது எத்தனை நாள் தாங்கும் என்பதை வெளியே நின்று பார்த்து அறிய வழியில்லை. இன்று தாங்கிற்று என்பது நாளையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, பற்றவைத்தல். நம் ஊர்ப் பட்டறைகளில் எளிதாகக் கிடைப்பது இதுவே. பிரீவீலின் இரு வளையங்களையும் பற்றவைத்து ஒன்றாக்கிவிடுவர். நாக்குகள் செயலற்றுப்போகும் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு ஒன்றான பிரீவீல் முன்போலவே ஒற்றை வலமரையில்தான் நிற்கிறது. பின்னழுத்தத்தில் அது முழுமையாகக் கழலும். அஞ்சிக் குடத்தோடு சேர்த்தே பற்றவைப்போரும் உண்டு. அதனால் குடம் வெப்பத்தில் கோணலாம்; உருளைகள் ஓடும் கிண்ணத்தின் கடினம் கெடலாம்; அலுமினியக் குடமாயின் இரும்போடு பற்றவே பற்றாது. பின்னர் ஒரு பல் தேய்ந்தாலும் சக்கரம் முழுவதையும் மாற்ற நேரும்.

‘மரை கழன்றவன்’ என்று உலக வழக்கில் கேலி பேசுவதுண்டு. ஓடும் வண்டியில் அது கேலியன்று. பல்சக்கரம் கழலத் தொடங்கியதும், எதிர்த்து அழுத்திய கால் திடீரென்று வெறுமையை மிதிக்கும். ஓட்டுநர் நிலை தடுமாறுவார். வெளிநோக்கி நகர்ந்த பல்சக்கரம் சங்கிலியின் நேர்க்கோட்டைக் கெடுக்கும். கழன்ற சங்கிலி சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே சிக்கினால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். வண்டியை நிறுத்த வேண்டிய நெருக்கடியில்தான் காலால் மிகுதியாக அழுத்துவோம்; ஆகவே இக்கேடு நேர்வதும் அந்த நெருக்கடியில்தான்.

செய்யத் தக்க வழி

அவ்வாறாயின் முறையான வழி யாது? குடத்தை ஏமாற்றுவதை விட்டு, உரிய குடத்தை வாங்குவதே. இருபுறமும் மரை வெட்டிய குடங்கள் கிடைக்கின்றன. ஒருபுறம் நிலைப்பல்லுக்கு இரட்டைப்படி. மறுபுறம் பிரீவீலுக்கு ஒற்றைப்படி. சக்கரத்தைத் திருப்பிப் பூட்டினால் வண்டியின் இயல்பே மாறிவிடும். மேடு பள்ளம் மிக்க ஊரில் வாழ்வோர்க்கு இதுவே சிறந்தது. ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும்; இருபுறமும் ஒற்றைப்படியே உள்ள குடங்களும் விற்கப்படுகின்றன.

அடுத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பின் அச்சு பொருந்தும் பிளவு கிடையாகவோ, பின்னோக்கித் திறந்தோ இருத்தல் வேண்டும். அப்போதுதான் சக்கரத்தை முன்பின் நகர்த்திச் சங்கிலியின் தொய்வைச் சரிசெய்ய இயலும். பல வேக வண்டிகள் சிலவற்றில் இப்பிளவு செங்குத்தாக இருக்கும். அவை இதற்கு ஏற்றவை அல்ல. அவ்வண்டிகளில் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் விசைக்கை ஒன்று உண்டு. நிலைப்பல்லோடு அதனை வைத்துக்கொள்ளலாகாது. பின்னழுத்தம் வந்தவுடன் அது வளைந்து முறியும். பிளவுகளுக்கு இடையிலான அகலமும் குடத்தின் அகலமும் ஒத்திருத்தல் வேண்டும். தளத்துக் குடங்கள் பொதுவாக 120 மில்லிமீட்டர் அகலம் உடையவை. சட்டத்தை வலிந்து நெரிப்பதும் விரிப்பதும் கூடாது.

முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். பின்னே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே கோணல் புலப்படும். சங்கிலியும் பற்களும் ஒத்த அகலமாக இருத்தல் வேண்டும். ஒற்றை வேக வண்டிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குல அகலச் சங்கிலியே வழக்கம். மரைகளைத் துடைத்து, சிறிது கிரீஸ் தடவி, பல்சக்கரத்தை முதலில் கையாலேயே ஏற்ற வேண்டும். முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். பின்னர்ச் சங்கிலி கட்டிய கைப்பிடியால் அதனை இறுக்கி, பூட்டு வளையத்தைக் கொக்கிக் குறட்டால் இடஞ்சுழியாக இறுக்க வேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு வளையத்தைத் தட்டி இறுக்கும் பழக்கம் அதன் பள்ளங்களைச் சிதைத்துவிடும். சிறிது தூரம் ஓட்டியபின் பல்சக்கரம் இன்னும் சற்று இறுகும். அதனால் பூட்டு வளையம் தளரும். ஆகவே முதல் ஓட்டத்துக்குப்பின் மீண்டும் ஒருமுறை அதனை இறுக்குவது இன்றியமையாதது.

சங்கிலியின் நடுவே விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலும் கீழும் அசைய வேண்டும். முன்பல் சக்கரம் முழு வட்டமாக இராமையால், மிதிகட்டையைச் சிறிது சிறிதாகச் சுற்றிச் சங்கிலி மிகவும் இறுகும் இடத்தைக் கண்டு, அவ்விடத்தில் இந்த அளவைப் பார்க்க வேண்டும். மிகை இறுக்கம் உருளைகளைத் தேய்க்கும். மிகைத் தொய்வு சங்கிலியைக் கழற்றும். பிரீவீல் வண்டியில் சங்கிலி கழன்றால் இறங்கி மாட்டிக்கொள்ளலாம். நிலைப்பல் வண்டியில் அது சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். அச்சின் இருபுறத்து நட்டுகளும் நன்கு இறுகியிருக்க வேண்டும் என்பதைத் தனியே கூற வேண்டியதில்லை.

பிரேக்கை அகற்றலாகாது

நிலைப்பல் இருக்கையில் பிரேக் எதற்கு என்று வினவுவோர் உளர். காலின் தடை பின் சக்கரத்தை மட்டுமே பற்றும். வேகம் குறையும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், பின் சக்கரத்தின் பிடிப்பு தளர்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, காய்ந்த சாலையில், நல்ல முன் பிரேக்கினால் ஏறத்தாழ 5 மீட்டரில் நிற்குமாயின், பின் சக்கரத்தை மட்டும் தடுத்தால் ஏறத்தாழ 10 மீட்டர் ஆகும். அந்த 5 மீட்டரில் ஒரு குழந்தை நிற்கக்கூடும்.

பிரிட்டனில் 1983 ஆம் ஆண்டு விதிகளின்படி, நிலைப்பல் வண்டியிலும் முன் சக்கரத்துக்குப் பிரேக் இருந்தே ஆகவேண்டும். 2016 பிப்ரவரியில் லண்டன் தெரு ஒன்றில், முன் பிரேக் இல்லாத நிலைப்பல் வண்டி மோதி, சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் உயிர் துறந்தார். வண்டியை ஓட்டிய இளைஞருக்கு 2017 இல் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரேக் அற்ற வண்டியில் ஆபத்து ஓட்டுநரோடு நிற்பதில்லை; தெருவில் நடப்போர் அனைவரையும் தொடர்கிறது.

நம் நாட்டுப் பழைய வண்டியை மாற்ற விரும்புவோர்க்கு இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக்கு, சக்கர வளையத்தின் உட்புறத்தை நோக்கி மேலிழுத்து அழுத்துவது. அதற்கென்றே அவ்வளையம் தனி வடிவில் செய்யப்பட்டிருக்கிறது. புதிய நிலைப்பல் சக்கரங்களின் வளையமோ பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்குகளுக்கு உரியது. விட்டத்திலும் சற்றுச் சிறியது. அதனை மாட்டினால் கம்பிப் பிரேக்கு வேலை செய்யாது. பழைய வளையத்திலேயே புதிய குடத்தைக் கோத்துவிடலாம் என்றால், அவ்வளையத்தின் துளைகளை எண்ண வேண்டும். நம் கனத்த வண்டிகளின் பின் வளையத்தில் 40 துளைகள் இருப்பதே நெடுநாள் வழக்கம். நிலைப்பல் குடங்கள் பெரும்பாலும் 32 அல்லது 36 துளைகளோடு வருகின்றன. ஆகவே தந்தையார் ஓட்டிய பழைய கறுப்பு வண்டிக்குப் பிரீவீலே உற்ற துணை. அதனை அப்படியே விடுவதே அறிவுடைமை.

இறக்கத்தின் கணக்கு

இனி மார்டள்ளிச் சாலைக்குத் திரும்புவோம். முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டி, மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 5.45 மீட்டர் முன்செல்லும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கால் நிமிடத்துக்கு 61 முறை சுற்றும். இது இயல்பான வேகம். 30 கிலோமீட்டரில் 92 முறை. மலை இறக்கத்தில் 40 கிலோமீட்டரை எட்டினால் 122 முறை. 50 கிலோமீட்டரில் 153 முறை. பிரீவீல் வண்டியில் இவ்வேகத்தில் கால் ஓய்ந்திருக்கும். நிலைப்பல் வண்டியில் கால் ஓய முடியாது. பழகாத கால் மிதிகட்டையிலிருந்து நழுவினால், நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் சுழலும் மிதிகட்டை முழங்காலின் கீழ் எலும்பைத் தாக்கும். மீண்டும் கால் வைக்கவும் இயலாது. இதற்காகவே நிலைப்பல் வண்டியில் பாதத்தைப் பிணைக்கும் வார் வேண்டும் என்பர்.

வளைவுகளில் மற்றோர் இடர் உண்டு. பிரீவீல் வண்டியில் வளைவின் உட்புற மிதிகட்டையை மேலே நிறுத்திக்கொண்டு வண்டியைச் சாய்க்கிறோம். நிலைப்பல் வண்டியில் அவ்வாறு நிறுத்த முடியாது. சாய்ந்த நிலையில் கீழிறங்கும் மிதிகட்டை தரையில் இடித்தால் பின் சக்கரம் துள்ளி வழுக்கும். எனவே கொண்டை ஊசி வளைவுச் சாலையில் நிலைப்பல் தகாது என்பதே நம் கருத்து. இருபுறக் குடம் உடையோர், இறக்கம் தொடங்குமுன் வண்டியை நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பிப் பிரீவீல் பக்கத்தைப் பூட்டிக்கொள்வது நன்று.

விரலும் ஆடையும்

இறுதியாக, வீட்டு முற்றத்தில் நேரும் விபத்தைப் பற்றியும் கூற வேண்டும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, துணியால் சங்கிலியைத் துடைப்பது பலர் வழக்கம். பிரீவீல் வண்டியில் முன்னோக்கிச் சுழலும் பின் சக்கரம் சங்கிலியை இழுப்பதில்லை. நிலைப்பல் வண்டியிலோ, சுழலும் சக்கரத்தின் முழு வேகமும் சங்கிலியைச் சேர்கிறது. துணியின் நுனி பல்லில் சிக்கினால் விரலும் உடன் செல்லும். விரல்களை இழந்தோர் உண்டு. ஆகவே சக்கரம் முற்றும் நின்றபின், சங்கிலியைச் சிறிது சிறிதாக நகர்த்தியே துடைக்க வேண்டும்; எண்ணெய் இட வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

வேட்டி, புடவை, துப்பட்டா ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆடை பல்லில் சிக்கினால், பிரீவீல் வண்டியில் மிதிப்பதை நிறுத்தினால் போதும். நிலைப்பல் வண்டி நிற்குமளவும் ஆடையை இழுத்துக்கொண்டே இருக்கும். சங்கிலியை மூடும் தகட்டுப் பெட்டியை அழகுக்காகக் கழற்றிவிடுவோர் இதனை எண்ண வேண்டும். வண்டியைப் புதிதாகப் பழகுவோர், இரு பிரேக்குகளோடும், கூட்டமற்ற சமமான திடலில், சில நாட்களேனும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் ஆள் ஏற்றுதல் கூடாது. நெடுநாள் பழக்கத்தால் மிதிப்பதை நிறுத்த முயலும் காலை, சுழலும் மிதிகட்டை தூக்கி எறியும்; அந்த அதிர்ச்சியை முதலில் திடலில் அறிவதே நலம்.

சுருங்கக் கூறின்: இரட்டைப்படி மரையுள்ள குடம், இடமரைப் பூட்டு வளையம், கிடைப் பிளவுள்ள சட்டம், நேரான சங்கிலி, குறையற்ற பிரேக்குகள் ஆகிய ஐந்தும் அமைந்தால் நிலைப்பல் பூட்டலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பிரீவீலோடு ஓட்டுவதே தக்கது. இது கடையில் செலவாகும் பணத்தைப் பற்றிய கணக்கன்று. வேற்றூரில் உழைத்து, விழா நாளில் வீடு திரும்பும் மகனோ மகளோ முழு உடலோடு வாசலில் வந்து இறங்க வேண்டும் என்பதே ஒவ்வொரு குடும்பத்தின் எதிர்பார்ப்பு. பட்டறைக்காரரிடம் வண்டியை ஒப்படைக்குமுன், குடத்தின் மரையை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். படிகளை எண்ணுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்.